காதுக்குள் ஒரு ‘ட’

கோப்பி முகுந்தனைக் கடித்துவிட்டது என்று மலர் சொன்னபோது கிளாங்கின் அந்தத் தாமான் குடியிருப்பில் ஒருவரும் நம்பவில்லை. “எந்தக் கோப்பி?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். தாமானில் இருந்ததே ஒரு கோப்பிதான். பால் கலக்காத கோப்பியின் நிறம், முழங்கால் உயரம், கன்னம்வரை தொங்கும் இரண்டு காதுகள். கேஸ் சிலிண்டர்த் தோம்பு கொண்டுவருகிறவரைக்கூட வாசல்வரை போய் வழியனுப்பிவைக்கிற நாய். திருடன் வந்தால் டார்ச் பிடித்துக் காட்டும் என்று முகுந்தனே அதைக் கேலி செய்வான்.

மலரின் கணவனான அந்த முகுந்தனைத்தான் கடித்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் போர்ட்டிக்கோவில் படுத்திருந்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும்போல் தலையைத் தடவப் போயிருக்கிறான். உறுமல் இல்லை, முறைப்பு இல்லை. பல் நேராக உள்ளங்கையில் இறங்கிவிட்டது.

கைக்குத் தையல் போட்ட டாக்டர், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருந்தது. எச்சில் ஒழுகுகிறதா, தள்ளாடுகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை.

“கடிச்ச பிறகு என்ன பண்ணுச்சு?”

“என் காலடியிலேயே வந்து படுத்துக்கிச்சு டாக்டர்” என்றான் முகுந்தன். தையலைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

மறுநாள் அம்பாங்கிலிருந்து முகுந்தனின் அக்கா தாயம்மாள் வந்துவிட்டார், வழியில் வாங்கிய பீசாங் கோரேங் பொட்டலத்தோடும் ஒரு கட்டு அபிப்பிராயங்களோடும்.

“வயசாச்சுன்னா நாய்க்கு புத்தி மாறும்டா.”

“அதுக்கு ஆறு வயசுதான் அண்ணி” என்றாள் மலர்.

“நாய்க்கு ஆறுன்னா நமக்கு நாப்பது. எங்க வீட்டுக்காரருக்கும் நாப்பதுலதான் மாறுச்சு.” தாயம்மாள் பொரித்த வாழைப்பழத் துண்டு ஒன்றை ஊதி வாயில் போட்டுக்கொண்டார். “இல்லன்னா காலாகாலத்துல கட்டி வெச்சிருக்கணும்.”

“கட்டித்தானே வெச்சிருக்கோம்?”

“அந்தக் கட்டு இல்லலா. ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வைக்கணும்.”

“கோப்பிக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு அத்தை” என்றாள் மகள் அனுப்பிரியா. ஒன்பது வயது. வீட்டில் எதையும் அவளிடம் மறைத்ததில்லை.

“அப்போ அந்தக் கோவமாத்தான் இருக்கும்.”

சிரிக்காதவன் முகுந்தன் ஒருவன்தான். தாயம்மாள் கம்பிக் கதவு வழியாகக் கோப்பியை உற்றுப் பார்த்து, கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார். “கண்ணு செவந்து கெடக்கு பாரு. உடம்பு பூரா சூடு. இந்த வெயில்ல ரோமத்த வேற போத்திக்கிட்டுத் திரியுது. சூடு ஏறுனா மனுசனே கடிப்பான். நல்லா எண்ணெய் வெய்டா.”

“வாரா வாரம் வெச்சுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்.”

அது உண்மை. சனிக்கிழமை காலையில் முகுந்தன் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருந்ததில்லை. கோப்பி குட்டியாகச் சாக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதற்கும் சேர்த்துத்தான். உச்சந்தலையில் ஒரு கை, முதுகில் ஒரு கை, காதுக்கு ரெண்டு சொட்டு. தனக்கு எப்படியோ அப்படியே நாய்க்கும்.

“ஒரு தடவை பத்தாது. கூட வெய்.”

“சூடோ குளிரோ, வேணாம்க்கா.” முகுந்தன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான். “இந்தத் தடவை என் கை. அடுத்த தடவை அனுவோட மூஞ்சியா இருந்தா? யாருக்காவது குடுத்தா அங்கயும் கடிக்கும். வர்ற சனிக்கிழமை கூட்டிட்டுப் போய், ஊசி போட்டு முடிச்சிடலாம்.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் மலரைப் பயமுறுத்தியது. கோபம் என்றால் ஆறும்.

“சனிக்கிழமை வரைக்கும் என்கிட்ட விடுங்க” என்றாள். “பிழை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறேன்.”

“இது என்ன ஏர்கோனா மலர்?”

“ஏர்கோன் கடிக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

மலருக்கு ஏர்கோன், அதாவது குளிரூட்டி, பழுதுபார்ப்பதுதான் தொழில். சொந்த வேன், கூரையில் ஏணி, கிளாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை வாடிக்கையாளர்கள். அந்தத் தொழிலில் அவள் கற்ற முதல் பாடம், வாடிக்கையாளர் எப்போதும் காரணத்தைத்தான் சொல்வார், கோளாறைச் சொல்ல மாட்டார் என்பது. “கேஸ் போச்சு” என்பார். போய்ப் பார்த்தால் வடிகட்டி தூசியில் அடைத்திருக்கும். அதனால் அவள் மூடியைக் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள். எப்போது குளிரவில்லை என்று அல்ல. எப்போது நன்றாகக் குளிர்கிறது என்று. வேலை செய்கிற நேரத்தைச் சொன்னால், வேலை செய்யாத காரணம் தானாக அதன் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாவது பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஆகவே அவள் கோப்பி எப்போது கடிக்கவில்லை என்று பார்க்க ஆரம்பித்தாள்.

சாப்பாட்டுத் தட்டை நடுவில் எடுத்துப் பார்த்தாள். கோப்பி அவளைப் பாவமாகப் பார்த்தது. பக்கத்து வீட்டு நாயை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னாள். வால் ஆட்டியது. நாதஸ்வரமும் மேளமும் கைப்பேசியில் சத்தமாகப் போட்டாள். தூங்கிவிட்டது. தட்டில் பிரச்சினை இல்லை, பொறாமை இல்லை, சத்தத்துக்குப் பயம் இல்லை.

அடுத்து, ஏர்கோன் சுருளைக் கழுவுகிற மெல்லிய பிரஷ்ஷை ஒரு நீளக் குச்சியில் கட்டிக்கொண்டாள். கோப்பியை நன்றாகக் கட்டிவிட்டு, எட்ட நின்று, அந்தப் பிரஷ்ஷால் அதன் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தடவினாள். வால், பின்னங்கால், வயிறு, வலது தோள், வலது காது. கோப்பி கண்ணை மூடிச் சொக்கியது. இடது தோளுக்கு வந்ததும் உடம்பு இறுகியது. இடது காதை நோக்கி நகர்ந்ததும் மேலுதடு உயர்ந்து பற்கள் தெரிந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

மலர் பிரஷ்ஷைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நாய் ஏன் உறுமவில்லை?

யோசித்தபோதுதான் நினைவு வந்தது. சில மாதங்களுக்கு முன்பு கோப்பி உறுமத் தொடங்கியிருந்தது, அதுவும் முகுந்தன் தொடும்போது மட்டும். வளர்க்கிறவரைப் பார்த்து நாய் உறுமலாமா என்று தாயம்மாள்தான் வைத்தியம் சொன்னார்: ஒவ்வொரு உறுமலுக்கும் சுருட்டிய பேப்பரால் மூக்கில் ஒரு தட்டு. சில வாரங்களில் உறுமல் நின்றது. திருந்திவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நாயின் உறுமல் சண்டைக்கு அழைப்பது அல்ல. ‘அதற்குமேல் வராதே’ என்கிற எச்சரிக்கை விளக்கு. விளக்கு எரிகிறதே என்று விளக்கை உடைத்துவிட்டார்கள். அதை எரியவைத்தது எதுவோ, அது உள்ளேயே இருந்தது. இனி கோப்பியிடம் மிச்சமிருந்தது பல் மட்டும்தான்.

இரண்டாவது தடயத்தைக் கண்டுபிடித்தது அனுப்பிரியா. கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து அவள் நாயைக் கூப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கோப்பி லூசாயிடுச்சு! நான் இந்தப் பக்கம் நின்னு கூப்பிடறேன், அது அந்தப் பக்கம் தேடுது!”

மலர் வந்து பார்த்தாள். அனு கோப்பிக்கு இடப்பக்கமிருந்த ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். கோப்பி வலப்பக்கம் திரும்பி, யாருமில்லாத மாங்காய் மரத்தைப் பார்த்து வாலாட்டியது. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டாலும் மாங்காய் மரம்தான்.

மலருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு காதுகள் இருப்பது அழகுக்காக இல்லை. இடப்பக்கமிருந்து வரும் சத்தம் முதலில் இடது காதைத் தொடுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போக இம்மியளவு தாமதமாகிறது, கொஞ்சம் மெலிந்தும் போகிறது. அந்த இம்மியளவை வைத்துத்தான் மூளை ‘கூப்பிடுகிறவர் இந்தப் பக்கம்’ என்று சொல்கிறது. ஒரு காது அடைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. எல்லாச் சத்தமும் நல்ல காதின் பக்கமிருந்தே வருவதாகப் படும்.

“இடது காது அதுக்கு வலிக்குது, கேக்கவும் இல்லை” என்று அன்று மாலை முகுந்தனிடம் சொன்னாள். “நீங்க அந்தப் பக்கமா வந்து உக்காந்தது அதுக்குத் தெரியவே இல்லை. திடீர்னு ஒரு கை, அதுவும் வலிக்கிற இடத்துல. நாம என்ன பண்ணுவோம்?”

“வலின்னா கத்தணும்லா.”

“நாய் கத்தாதுங்க. வலியைக் காட்டிக்கிட்டா மத்த நாய் ஏறி மிதிச்சிடும். ஒளிச்சு வெச்சுக்கும்.”

முகுந்தன் கோப்பியைத் திரும்பிப் பார்த்தான். “டாக்டர் பாத்து, காதுதான்னு சொன்னா சரி. ஒண்ணும் தெரியலன்னு சொன்னா அங்கேயே முடிச்சிடணும். திரும்பக் கூட்டிட்டு வரக் கூடாது. சரியா?”

“சரி” என்றாள் மலர். சொல்லிவிட்டு உடனே கைப்பேசியை எடுத்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் சின்னக் கால்நடை கிளினிக் வைத்திருந்த டாக்டர் சிந்து, மலரின் வாடிக்கையாளர். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “காதுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களாக்கா?”

“ஒண்ணும் போடல டாக்டர்.”

“நல்லது. சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

இங்கேதான் மலர் சறுக்கினாள். காதுவலி என்று கண்டுபிடித்த பிறகு சனிக்கிழமைவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அவர்கள் வீட்டில் காதுவலிக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தாள். நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு இளஞ்சூடாகக் காய்ச்சினாள். கோப்பிக்கு வாய்க்கூடு மாட்டி, முகுந்தன் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இடது காதில் தாராளமாக விட்டாள். கோப்பி முனகிய முனகலில் அனு அறைக்குள் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கோப்பி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே நடந்தது. தட்டில் வைத்தது அப்படியே கிடந்தது. முந்தின நாள் அடித்த மழையில் நனைந்திருக்கும் என்று மலர் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை எல்லோருமே வேனில் ஏறிவிட்டார்கள். தாயம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அம்பாங்கிலிருந்து நேராக கிளினிக்குக்கே வந்து, குளிரூட்டிக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சிந்து கோப்பியின் கண்ணைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், வாய்க்கூட்டை மாட்டினார். பிறகு தொடையில் ஓர் ஊசி போட்டார். கோப்பி மெல்லச் சரிந்து மேசையில் படுத்தது.

“அய்யோ!” தாயம்மாள் எழுந்துவிட்டார். “போட்டுட்டாங்களா? அவ்வளவுதானா? ஒரு வார்த்தை சொல்லல!”

முகுந்தனின் முகம் வெளிறிப்போனது. ஊசி போடலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், இரண்டே எட்டில் மேசையை அடைந்து கட்டுப்போட்ட கையால் நாயைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, மயக்க ஊசிலா இது” என்றார் சிந்து. “தூங்குது. முழிச்சிருந்தா என்னைக் காதுக்குள்ள பாக்க விடுமா?”

முகுந்தன் நாயின் மேலிருந்து கையை எடுத்தான். மலர் அவனைப் பார்க்காததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு கணக்கு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

சிந்து ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை எடுத்தார். அதற்கு முன், ஒரு தாளில் பெரிதாக ஒரு கோடு கீழே இறக்கி, அப்படியே வலப்பக்கம் திருப்பினார். “அனு, இது என்ன?”

“ட!”

“கரெக்ட். நம்ம காது ஏறக்குறைய நேர் ரோடு. நாய்க் காது ‘ட’. முதல்ல நேரா கீழ இறங்கும், அப்புறம் திரும்பி உள்ள போகும். ‘ட’வோட கடைசியிலதான் சவ்வு இருக்கு. மேல இருந்து எது விழுந்தாலும் இந்த மூலைக்கு வந்துடும். வெளியே வரணும்னா செங்குத்தா ஏறணும்.”

“ட்ராப்” என்றாள் மலர். வாய் தானாகச் சொல்லியது. ஏர்கோன் தண்ணீர் வடிகிற குழாயில் அப்படி ஒரு மடக்கு வந்துவிட்டால், அதில் தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசி தடித்துத் தடித்துக் கஞ்சிபோல் ஆகி, ஒரு நாள் குழாயையே அடைக்கும். எத்தனை வீடுகளில் அந்தக் கஞ்சியை உறிஞ்சி எடுத்திருக்கிறாள்! “தொங்கு காதுன்னா மேல மூடி வேற. காத்தே போகாது.”

“அதேதான்க்கா!” சிந்துவுக்குக் குஷி வந்துவிட்டது. இருவரும் திரையின் முன் தோளோடு தோள் நின்றார்கள். கேமரா ‘ட’வின் கோட்டில் இறங்கியது. சுவர்கள் சிவந்து வீங்கியிருந்தன. மூலைக்கு வந்ததும் வழி முடிந்துபோனது. கரும்பழுப்பாக, பிசினாக ஒரு குழம்பு வழியை முழுக்க அடைத்திருந்தது.

சிந்து அதில் கொஞ்சம் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். இன்னொரு முறை முகர்ந்தார்.

“என்னக்கா இது, பூண்டு வாசம் வருது. நாய்க் காதுல ரசமா வெச்சீங்க?”

மலருக்குக் காது சுட்டது. “அது… எண்ணெய்தான் டாக்டர்.”

“நான் போன்ல கேட்டேனே, மருந்து போட்டீங்களான்னு?”

“எண்ணெய் எப்படி மருந்தாகும்?” என்றான் முகுந்தன், உண்மையாகவே புரியாமல். “எண்ணெய் எண்ணெய்தானே. வாரா வாரம் வைக்கிறது. சூட்டுக்கு.”

“வாரா வாரமா?”

“நாந்தான் கூட வைக்கச் சொன்னேன்” என்று நாற்காலியிலிருந்து தாயம்மாள் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்.

சிந்து அந்தக் குழம்பைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, நிறமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், இடுப்புச் சிறுத்த நிலக்கடலைபோல் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன.

“கச்சான்!” என்றாள் அனு.

“ஈஸ்ட். ஒரு வகைப் பூஞ்சை. எல்லா நாய்த் தோல்லயும் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். ஆனா இதுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு ஒண்ணு உண்டு. கொழுப்பு. எண்ணெய்.” சிந்து ‘ட’வின் மூலையைப் பேனாவால் தட்டினார். “இருட்டு, ஈரம், கதகதப்பு. அதுக்கு மேல வாரா வாரம் சாப்பாட்டையும் வீட்டுக்கே அனுப்பி வெச்சிருக்கீங்க. எண்ணெய் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். தொங்கு காது, நம்ம ஊர்ப் புழுக்கம், இதுக்குத் தோல் அலர்ஜியும் இருக்கலாம். ரெண்டு காதுலயும் ஒரே நேரத்துல வரணும்னு இல்ல, இடது முந்திக்கிச்சு. ஆனா விருந்து வெச்சது நீங்கதான்.”

மலர் பேனாவின் நுனியையே பார்த்தாள். மூலையில் எண்ணெய். எண்ணெயில் பூஞ்சை. பூஞ்சையால் வலி. வலியால் உறுமல். உறுமினால் சூடு என்றார்கள். சூட்டுக்கு… எண்ணெய்.

“அலமாக்!” என்று கத்திவிட்டாள். “ரெண்டு ரூம்ல ரெண்டு ஏர்கோன். ரெண்டோட சென்சார் வயரையும் மாத்தி மாட்டிட்டா எப்படியிருக்கும்? இந்த ரூம் வேகும், அந்த ரூம் ஏர்கோன் ஓடிக்கிட்டே இருக்கும். சரி பண்றோம்னு நினைச்சு நாம போய் மறுபடி மறுபடி பட்டனைத் தட்டுவோம், கோளாறு இன்னும் வளரும். அதைத்தான் பண்ணிட்டிருந்திருக்கோம்!” பிறகு குரல் தாழ்ந்தது. “புதன்கிழமை நான் ஊத்துனேன். மறுநாளே தலை சாஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன், உடனே மோசமாச்சு. பதில் கண்ணு முன்னாடி நடந்து போச்சு. நான் மழை மேல பழியைப் போட்டேன்.”

“எங்க வீட்டு ஏர்கோனும் குளிரல” என்றார் தாயம்மாள். “அது எண்ணெயா மழையா?”

முகுந்தன் இன்னும் நுண்ணோக்கியின் பக்கத்திலேயே நின்றான். “அப்போ அது மாறல” என்றான் மெதுவாக. “என் கை வந்தா வலி வரும். அது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அதேதான் அண்ணே. உங்க கையும், அந்த வாசமும்.”

“சவ்வு எப்படி இருக்கு டாக்டர்?” மலர் கேட்டாள். கேட்டபின்தான், எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று உணர்ந்தாள்.

“கழுவினாத்தான் தெரியும்.”

வெதுவெதுப்பான கரைசல் உள்ளே போனது. கரும்பழுப்பாக வெளியே வந்தது. மறுபடியும் போனது, வந்தது. ஒவ்வொரு முறையும் நிறம் வெளுத்தது, மலர் கழுவும் சுருளிலிருந்து கடைசியில் தெளிந்த தண்ணீர் வடிவதுபோல. கேமரா மூலையில் திரும்பியது. ‘ட’வின் கிடைக்கோட்டில் ஊர்ந்து போனது. கோட்டின் கடைசியில், மெல்லிய காகிதம்போல், பளபளவென்று, முழுசாக, ஒரு கிழிசலும் இல்லாமல் இருந்தது சவ்வு.

“ஜெயிச்சாச்சு!” என்றார் டாக்டர் சிந்து.

அனு குதித்தாள். தாயம்மாள் என்னவென்று புரியாமலே கைதட்டினார். வரவேற்பறையில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த சீனப் பாட்டியும் சேர்ந்து தட்டினார். சிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இன்னும் ஒரு ஊசியைப் பத்தி ஏதோ சொன்னீங்களாமே அண்ணே?” என்று கேட்டார்.

“எந்த ஊசி?” என்றான் முகுந்தன். “யார் சொன்னா?”

ஆனால் காது குணமாவது ஒன்று, நம்பிக்கை குணமாவது இன்னொன்று. தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். அதை முகுந்தனே விடவேண்டும் என்று சிந்து சொல்லியிருந்தார். எந்தக் கையைக் கண்டு நாய் பயந்ததோ அந்தக் கைதான் பயத்தை எடுக்க முடியும். அதுவரை வாய்க்கூடு; மலர் மருந்து விடுவாள்; அனு எட்ட நிற்பாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் முகுந்தன் கையை நீட்டினான். கோப்பி பின்வாங்கி மோட்டார்சைக்கிளுக்கு அடியில் போய் ஒளிந்தது. அவன் மலரைப் பார்த்த பார்வையில், ‘இது நடக்காது’ என்று எழுதியிருந்தது.

“ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்” என்றாள் அவள். “முதல்ல வாசத்தை மாத்துங்க.”

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது. நாய்க்கு மட்டுமல்ல, முகுந்தனுக்கும். அவன் தலைமுடி துடைப்பம்போல் விறைத்து நின்றது. ஆபீஸில் ஷாம்பு விளம்பரத்தில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். அவித்த கோழி ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு, நாயைத் தொடாமல், பார்க்காமல், அதன் வலப்பக்கமாக மட்டும் உட்கார்ந்தான். கை வந்தால் ஈரல் வரும். கை வந்தால் வேறு எதுவும் வராது. கோப்பி அதைக் கற்றுக்கொள்ளும்வரை அவன் அதற்குமேல் ஒரு அடி வைக்கவில்லை. பிறகு வலது தோள். பிறகு முகவாய். உறுமினால் உடனே கையை எடுத்துக்கொண்டு “தேங்க்ஸ்லா” என்றான். உறுமல் திரும்பி வந்ததே பெரிய வெற்றி என்று மலர் சொல்லியிருந்தாள். விளக்கு மறுபடி எரிகிறது.

ஒரு மாலை, அனு இடப்பக்க ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். கோப்பி இடப்பக்கம் திரும்பி அவளை நேராகப் பார்த்தது. மலர் சமையலறையில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூவரும் மாறி மாறிக் கூப்பிட்டுக் களைத்தார்கள். நாய் ஒரு தடவைகூட மாங்காய் மரத்தைப் பார்க்கவில்லை.

இதற்குள் தாயம்மாள் அம்பாங் பாசாரில் காது நிபுணராகிவிட்டிருந்தார். மீன்கடைக்காரர், கோயில் குருக்கள், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், எல்லோருக்கும் காற்றில் ‘ட’ எழுதிக் காட்டினார். “எண்ணெய் மட்டும் வெச்சிடாதீங்க, நான் என் தம்பிகிட்ட அன்னைக்கே சொன்னேன்” என்றார். அன்னைக்கே என்ன சொன்னார் என்று மலர் திருத்தவில்லை. நாலு நாய்க் காதுகள் பிழைத்தால் போதும்.

கடைசித் தடையை அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டினார்கள். தாயம்மாள் புதுச் சேலையில் வந்திருந்தார். டாக்டர் சிந்து வாய்க்கூட்டை எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். கூடத்தின் நடுவில் முகுந்தன் கால்மடித்து உட்கார்ந்தான். மருந்துப் புட்டியைக் கைக்குள் வைத்துக் கதகதப்பாக்கினான். தையல் போட்ட வடு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. மலர் அனுவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முடியாவிட்டால் வருத்தப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பலிக்கவில்லை.

“கோப்பி” என்றான் முகுந்தன், சாதாரணக் குரலில். “வாடா.”

கோப்பி வந்தது. முன்னால் நின்று அவன் கையை முகர்ந்தது. புட்டியை முகர்ந்தது. அவன் அசையவில்லை. நாய் ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. அவன் கை எழுந்தது, நாய்க்குத் தெரியும்படி, மெல்ல, முன்பக்கமாக. இடது காதைத் தூக்கினான். கோப்பியின் உதடு உயரவில்லை. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. காதின் அடியை அவன் விரலால் பிசைந்துவிட, உள்ளே மருந்து சளக் சளக்கென்றது. கோப்பி கண்ணை மூடி, தலையின் மொத்தக் கனத்தையும் அந்த உள்ளங்கையில் இறக்கி வைத்தது.

பிறகு கோப்பி எழுந்து உடம்பு முழுவதையும் ஓர் உதறு உதறியது. மருந்து தெறித்துத் தாயம்மாளின் சேலையில் முந்தானைவரை புள்ளி வைத்தது.

“என் பட்டு! டேய், இது போகுமாடா? முகுந்தா!”

முகுந்தன் காதில் அது விழவே இல்லை. அவன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, மலேசியா கோல் போட்டதுபோல் கூடம் அதிரக் கத்திக்கொண்டிருந்தான். அனு சோபாமேல் ஏறிக் குதித்தாள். மலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கோப்பி அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்தது.